பனிவண்டிக்காரன் ஒடிலோனின் ராட்டைகள்

பதினெட்டுப் பனிக்காலங்கள் நான் ஒடிலோன் மிஷோவின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருக்கிறேன். பனி தள்ளும் லாரிக்கு இரண்டு ஆள் வேண்டும். ஸ்டியரிங் அவன் கையில் இருக்கும். பக்கவாட்டுத் தகட்டை ஏற்றி இறக்குவது என் வேலை. சேன்த் அமராந்த் மாதாகோயிலில் தொடங்கி, ஆற்றங்கரை நெடுக ஓடி, மேட்டுப் பண்ணைகளைச் சுற்றித் திரும்பினால் நாற்பத்திரண்டு மைல். அத்தனை காலம் ஒரே கேபினில் உட்கார்ந்த இருவருக்குள் பேசாத விஷயம் என்று அதிகம் மிஞ்சாது. அவன் கதையைச் சொல்ல எனக்கு உரிமை உண்டென்றே நினைக்கிறேன்.

ஆள் பெரிய உருவம். மண்வெட்டி போன்ற கைகள். பேச்சு குறைவு. இயந்திரத்தைக் காதால் பார்ப்பவன் அவன். லாரி கிளம்பியதும் வாயை மூடு என்று எனக்குக் கையைக் காட்டிவிட்டு, ஒரு நிமிடம் தலையைச் சாய்த்துக் கேட்பான். பிறகுதான் கியர் மாற்றுவான்.

1974 மே மாதம் நகரத்திலிருந்து ஒரு பழம்பொருள் வியாபாரி வந்து ஊர் முனையில் கொட்டகை போட்டான். பண்ணை பண்ணையாகப் போய்ப் பரணில் கிடந்த ராட்டைகளை வாங்கிக் குவித்தான். எங்கள் பக்கத்து ராட்டை காலால் மிதித்து ஓட்டுவது. வார்ப்பிரும்பு மிதி, ஒரு ஆளின் இடுப்பு உயரத்துக்குச் சக்கரம். அதை விளக்காக மாற்றி வரவேற்பறையில் வைப்பது அப்போது நகரத்தில் மோகமாக இருந்தது. கதவுக் கீல் தேடி அங்கே போன ஒடிலோன், ஒரு சக்கரத்தின் மேல் ரம்பம் வைக்கப்படுவதைப் பார்த்தான்.

"என்ன பண்ணப்போறே அதை?"

"ரெண்டா அறுத்து, பாதியைச் சுவத்துல மாட்டி, உள்ள பல்பு வைப்பேன். நல்லாப் போகுது."

ஒடிலோன் சக்கரத்தை ஒரு விரலால் தள்ளிவிட்டான். சத்தமே இல்லாமல் அது சுற்றிக்கொண்டிருந்தது. நிற்க வெகு நேரமாயிற்று.

"இது இன்னும் ஓடுதேய்யா."

"ஓடி என்ன செய்ய? தலையே இல்லை பாரு."

தலை என்று நாங்கள் சொல்வது, நூலை முறுக்கிச் சுற்றும் பகுதியை. ஒரு இரும்புக் கதிர், அதில் இரண்டு கை விரிந்த மரக் கவை, கைகளில் வரிசையாகக் கொக்கிகள், நடுவே நூல் சேரும் பாபின். கழன்று வரக்கூடியது என்பதால் ராட்டையில் முதலில் காணாமல் போவதும் அதுதான்.

வீட்டுக்குப் போய்த் தன் மின்ரம்பத்தை எடுத்துவந்து ராட்டைக்கு விலையாகக் கொடுத்துவிட்டு, ஒடிலோன் அந்த ராட்டையைத் தூக்கிக்கொண்டு போனான். அவன் மனைவி இமெல்டா வாசலிலேயே மறித்தாள்.

"குளிருக்கு விறகு? இதாலதான் அறுக்கப்போறியா?"

"ஓடுற சாமானை அறுக்கிறான் இமெல்டா."

"அறுக்கட்டுமே! அவனாவது எதையோ அறுக்கிறான். நமக்கு அறுக்க என்ன இருக்கு இனிமே?"

மாதிரிக்கு ஒரு பழைய தலையை மைத்துனன் வீட்டில் இரவல் வாங்கினான். அதன் பின்பக்கத்துச் சிறு சக்கரம் இடது மரை, எதிர்ப்பக்கம் திருகினால்தான் கழலும். அது தெரியாமல் வழக்கம்போல் திருகி உடைத்துவிட்டான். ஆக, ஒன்று செய்யப் போனவன் இரண்டு செய்ய வேண்டியதாயிற்று. மேப்பிள் கட்டையைக் கடைந்து, பியானோக் கம்பியை வளைத்துக் கொக்கி போட்டு, கதிரை எங்கள் லாரிப் பட்டறையில் அடித்து, மூன்று வாரம் உழைத்தான்.

"ஆச்சு," என்றான் மனைவியிடம்.

"ஓட்டிப் பாத்தியா?"

"சுத்துது."

"லாரியை ரிப்பேர் பண்ணிட்டுச் சக்கரம் சுத்துதுன்னு சொல்லிட்டு வந்துடுவியா? ரோட்டுல விட்டுப் பாக்க மாட்டே?"

இமெல்டாவுக்கு நூற்கத் தெரியாது. அவள் அம்மாவோடு வீட்டில் அந்த வேலை நின்றுவிட்டது. ஆகவே ஒடிலோனே உட்கார்ந்தான். முதல் மாதம் அவன் நூற்றதெல்லாம் மீனை விழுங்கிய விலாங்கு மாதிரி இருந்தது, ஓரிடத்தில் விரல் தடிமன், அடுத்த சாணில் தலைமுடி. இமெல்டா அதால் தக்காளிச் செடிகளைக் கட்டினாள். நூற்பது எங்கள் ஊரில் பெண்கள் வேலை. லாரி கராஜில் அவன் நுழையும்போதெல்லாம், "மதாம் மிஷோ வந்தாச்சு! மதாம், எனக்கு ஒரு ஜோடி காலுறை!" என்று கூச்சல் எழும். அவன் சிரிக்கவும் மாட்டான், கோபப்படவும் மாட்டான். டீசல் நிரப்பிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

ஒருநாள் கேபினில், பனி சீராக விழுந்துகொண்டிருந்தபோது, தானாகவே சொன்னான்.

"ரெயால், நான் தப்பாப் பிடிச்சுக்கிட்டிருந்தேன்டா."

"என்னத்தை?"

"கம்பளியை. இறுக்கிப் பிடிச்சா நூலாகும்னு நெனச்சேன். பிடிக்கிறது இல்லடா வேலை. எப்ப விடணும்னு தெரியறதுதான்."

அந்தப் பனிக்காலம் முடியும்போது, கூர்ந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாத நூல் அவன் கையிலிருந்து வந்தது. நூற்கத் தெரிந்தபின் ராட்டையை அவன் பழுதுபார்க்கும் விதமே மாறிப்போனது. கதிரைப் பிடித்திருக்கும் தோல் தாங்கி எங்கே தேய்ந்திருக்கிறது என்பதை வைத்து ஓட்டியவள் எந்தக் காலால் மிதித்தாள் என்று சொல்வான். 1983க்குள் ஊரார் கொண்டுவந்த முப்பது ராட்டைகளுக்கு மேல் ஓடவைத்திருந்தான்.

அந்த ஆண்டு அக்டோபரில் அல்மா லவுவா வந்தார்.

அல்மாவையும் அவர் தங்கை பிலோமெனையும் தெரியாத பனிவண்டிக்காரன் கிடையாது. மேட்டுப் பாதையில் எதிரெதிர் வீடு. பிறந்த வீட்டில் பிலோமென் இருந்தார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அமெரிக்காவில் ஒரு கம்பளி ஆலையில் வேலை பார்த்து, கணவன் இறந்தபின் திரும்பிய அல்மா எதிர்ப்பக்கம் சிறு வீடு வாங்கிக் குடியேறினார். அம்மா செத்த 1961லிருந்து இருவருக்கும் பேச்சு இல்லை. எங்கள் லாரி அந்த இடத்தைக் கடக்கும்போது இரண்டு சன்னல்களிலும் திரை விலகும், எந்த வாசலில் அதிகப் பனி விழுந்தது என்று பார்க்க. மறுநாள் இருவரில் ஒருவர் அலுவலகத்துக்குப் புகார் எழுதியிருப்பார்.

அல்மா கொண்டுவந்தது அம்மாவின் ராட்டை. மஞ்சள் வண்ணம், நல்ல கட்டு. தலை மட்டும் இல்லை.

"புதுசா செஞ்சு தரலாம்," என்றான் ஒடிலோன். "ஆனா பழசோட அளவு தெரிஞ்சா நல்லது. இந்தத் தோல் அதுக்குன்னே தேஞ்சிருக்கு. குத்துமதிப்பா செஞ்சா குதிக்கும்."

"பழசு எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்." அல்மா முகவாயை மேட்டுப் பாதைப் பக்கம் நீட்டினார். "அம்மா எழுதி வச்ச உயில்ல வீடு அவளுக்கு, சாமான் எனக்கு. நான் வண்டி கொண்டுவர்றதுக்குள்ள தலையைக் கழட்டி ஒளிச்சுட்டா. எனக்கு உதவக் கூடாதாம். அவ்வளவு நல்ல மனசு."

"நான் போய்க் கேக்கறேன்."

"கேளு. கதவைத் திறந்தா உன் அதிர்ஷ்டம்."

அவனுக்குப் பயம். என்னையும் கூட்டிக்கொண்டு, புகையில் வாட்டிய விலாங்கு ஒன்றைத் தாளில் சுற்றிக்கொண்டு போனான். பிலோமென் கதவைப் பாதிதான் திறந்தார்.

"அவ அனுப்பினாளா?"

"ராட்டைக்கு அளவு வேணும். அளவு மட்டும் எடுத்துக்கறேன். உங்க கண்ணு முன்னாடி எடுத்துட்டு, உங்க கையில குடுத்துட்டுப் போயிடுவேன்."

பிலோமென் என்னைப் பார்த்தார். "இவன் எதுக்கு? இவன்தானே தகட்டைச் சாய்ச்சு எங்க வாசல்ல கொட்டறவன்?"

"இவன் அளவு பாக்கற வெர்னியரைப் பிடிச்சுக்குவான்," என்றான் ஒடிலோன்.

பிலோமென் கதவை முழுசாகத் திறந்துவிட்டு உள்ளே போய், ஒரு தலையணை உறையைக் கொண்டுவந்தார். மேசையில் வைத்து மெதுவாகப் பிரித்தார். தலை பழுதில்லாமல் இருந்தது. பாபின் முக்கால் நிறைந்திருந்தது, அடியில் சாம்பல் நூல், மேலே நீலம். நூலின் நுனி கொக்கிகள் வழியாக வந்து கதிரின் துளையில் நுழைந்து, வெளியே ஒரு பிடி நூற்காத நீலக் கம்பளியோடு நின்றது. அந்தப் பிடியை ஒரு ஊக்கால் குத்தி வைத்திருந்தார்.

"நூல்ல கை படக் கூடாது."

"படாது."

ஒடிலோன் அளந்தான், நான் எழுதினேன். எல்லாம் முடிந்த பிறகும் அவன் குனிந்து அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"யார் நூத்தது?"

"அம்மா."

"நல்ல கை."

பிலோமென் ராட்டைத் தலையை மறுபடி உறைக்குள் வைத்தார். உறையை மடித்துக்கொண்டு உள்ளே போனார். நாங்கள் விலாங்கை மேசையில் வைத்துவிட்டு வந்தோம்.

மறுநாள் மதியம் அல்மா ஒடிலோன் வீட்டுப் பட்டறைக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். ஒடிலோன் படம் வரைந்த தாளைக் காட்டினான். கதிர் நீளம் இவ்வளவு, கவை அகலம் இவ்வளவு. பிறகு, அவனுக்கு மனத்தில் நின்றதைச் சொன்னான்.

"உங்கம்மா நூலைப் பாத்தேன். இப்படி ஒரு சீரை நான் பாத்ததில்ல. நீலத்துல ஒரு முடிச்சு, ஒரு தடிப்பு இல்ல, கடைசிச் சுத்து வரைக்கும்."

"என்ன சொன்னே?"

"முடிச்சு இல்லேன்னு…"

"நீலம்னு சொன்னே."

அல்மா அறுப்புக் கட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார். இமெல்டா தண்ணீர் கொண்டுவந்தாள். கொஞ்சம் குடித்துவிட்டு, யாரையும் பார்க்காமல் பேசினார்.

"அந்த நீலம் நான் அனுப்பினது. ஆலையில சீவின மிச்சம். எழுந்து உக்காந்ததும் நூக்கட்டும்னு ஜனவரி இருபதாம் தேதி பார்சல் போட்டேன். அதுக்கு முன்னாடியே சித்தி கடிதாசு போட்டிருந்தா, அம்மா கிறிஸ்துமஸ்லேருந்து படுத்த படுக்கையா இருக்கான்னு. நான் லீவு கேட்டேன். மாசக் கடைசியில பாக்கலாம்னாங்க. சரின்னு இருந்துட்டேன். எப்படியும் இருப்பான்னு நெனச்சேன். பிப்ரவரி ஒம்பதாம் தேதி தந்தி வந்துச்சு. புயல்ல ரயில் நின்னு நான் வந்து சேர்றதுக்குள்ள பெட்டியை மூடிட்டாங்க." கண்ணாடிக் குவளையைக் கையில் உருட்டினார். "ஆறு வாரம் அந்தக் கட்டில்ல படுத்துக்கிட்டு வாசலையே பாத்துக்கிட்டு இருந்திருப்பான்னு நெனச்சு நெனச்சு… அவ ஒரு வரி எழுதியிருந்தா ஓடி வந்திருப்பேனேன்னு பிலோமெனைத் திட்டிக்கிட்டே இருந்தேன். அவளைத் திட்டறது சுலபமா இருந்துச்சு."

ஒடிலோன் மெதுவாக யோசிப்பவன். விரலால் தொடையில் தாளம் போட்டபடி நின்றான்.

"பார்சல் வந்து சேர ஒரு வாரம். அப்போ ஜனவரி கடைசியில அவங்க உக்காந்து மிதிச்சிருக்காங்க. பிப்ரவரியிலயும் மிதிச்சிருக்காங்க, நீலம் அவ்வளவு இருக்கு. படுக்கையில கிடந்த ஆளோட கால் இல்ல அது. நோயாளி விட்டு விட்டு மிதிப்பாங்க. நூல் சொல்லிடும்."

"நிச்சயமாச் சொல்றியா?"

"நூல் விஷயம் நிச்சயம். வேற எதுவும் எனக்குத் தெரியாது."

அல்மா எழுந்தார். "என்னைக் கொண்டுபோய் விடு."

மூன்று பேரும் அவன் வண்டியின் முன்னிருக்கையில் நெருக்கிக்கொண்டு போனோம். தன் வீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இறங்கி, எதிர்வீட்டுக் கதவைத் தட்டாமலே திறந்து உள்ளே போனார். பிறந்த வீட்டுக் கதவை யாரும் தட்டுவதில்லை. எங்களையும் வரச் சொன்னார். நாங்கள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலோரம் நின்றோம். பிலோமென் அடுப்பில் பக்வீட் என்ற தானிய மாவில் அடை வார்த்துக்கொண்டிருந்தார். அக்காவைப் பார்த்தார். கரண்டி அப்படியே நின்றது.

"செருப்பைக் கழட்டு. இப்பத்தான் தரை தொடச்சேன்."

இருபத்திரண்டு வருடத்தில் முதல் வார்த்தை அதுதான். அல்மா கழற்றினார்.

"அந்த நீலத்தைக் காட்டு."

பிலோமென் ஒடிலோனை ஒரு பார்வை பார்த்தார், உன்னை நம்பினேனே என்பதுபோல. ஆனாலும் போய் எடுத்துவந்தார். அல்மா நூலை உருவவில்லை. பாபின் மேல் விரலை வைத்துத் தடவினார். அம்மா நூற்ற நூலில்தான் அவர்கள் இருவரும் கையுறையும் சட்டையும் போட்டு வளர்ந்தார்கள்.

"அவதான்," என்றார். பிறகு, "எத்தனை நாள் படுத்திருந்தா?"

"யாரு?"

"அம்மாதான்டி. எத்தனை நாள் படுத்திருந்தா?"

"படுக்கவே இல்லையே. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருமல். அப்புறம் எழுந்து ரொட்டி சுட ஆரம்பிச்சுட்டா. செத்த அன்னிக்கு ராட்டையிலதான் உக்காந்திருந்தா. பட்டாணி சூப்பைக் கிளறிட்டு வர்றேன்னு எழுந்தா. இதோ, இந்த இடத்துல விழுந்தா. நான் பேரைச் சொல்லிக் கூப்பிடறதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. அந்த மணியிலேயே உனக்குத் தந்தி குடுத்தேன்."

"சித்தி எழுதினாளே, கிறிஸ்துமஸ்லேருந்து…"

"சித்தி எதைத்தான் ஒழுங்கா எழுதினா?"

"நீ ஏன்டி சொல்லலை என்கிட்ட?"

"நீ கேட்டியா? அந்த வாசல்ல நின்னுக்கிட்டு, 'அவளைச் சாகவிட்டுட்டியே'ன்னு ஊரே கேக்கக் கத்தினே. அதுக்கு நான் என்னன்னு பதில் சொல்றது?"

அடை கருகும் வாசனை வந்தது. ஒடிலோன் ஓசைப்படாமல் போய் வாணலியை இறக்கி வைத்தான். இருவரும் கவனிக்கவில்லை.

"தலையை ஏன் கழட்டினே?"

பிலோமென் முன்கட்டுத் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "ராட்டை உனக்குன்னு எழுதிட்டா. நீ எடுத்துட்டுப் போய் உக்காருவே. ஓட்டணும்னா பாபினைக் காலி பண்ணணும். இதை உருவிடுவே. அவ கையில கடைசியா இருந்தது இது ஒண்ணுதான். உனக்கு எப்படித் தெரியும், நீதான் இங்க இல்லையே."

அல்மா அழுதார். அழுகைக்கு நடுவே, "அவ எனக்காகப் படுத்துக் காத்துக்கிட்டிருக்கல," என்று இரண்டு முறை சொன்னார். பிலோமெனுக்கு முதலில் அது விளங்கவில்லை. விளங்கியதும் ஒரு நாற்காலியை இழுத்து அக்காவின் பின்னால் போட்டார். நாங்கள் அந்த நேரம் பார்த்து வெளியே வந்துவிட்டோம்.

கட்டிப்பிடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள் என்று சொன்னால் பொய். ஒடிலோன் புதுத் தலையும் மூன்று பாபினும் செய்து கொடுத்தான். ராட்டை யார் வீட்டில் இருப்பது என்று கிறிஸ்துமஸ் வரை சண்டை. பிலோமென் வீட்டு அடுப்பங்கரைதான் கதகதப்பு என்று முடிவாகி, அல்மா தினமும் மதியம் தெருவைக் கடந்து போய் நூற்கத் தொடங்கினார். பழைய பாபினை யாரும் உருவவில்லை. எங்கள் அலுவலகத்துக்கு வரும் புகார்க் கடிதத்தில் இரண்டு கையெழுத்தும் சேர்ந்து விழ ஆரம்பித்தது மட்டும்தான் எங்களுக்குக் கிடைத்த பலன்.

ஊர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. ஒடிலோன் சிரிக்கவில்லை. ஜனவரியில் ஒருநாள் கேபினில், லாரியை ஓட்டிக்கொண்டே ஆரம்பித்தான்.

"ரெயால், ஒரு ராட்டை வந்தா நான் முதல்ல என்ன செய்வேன், தெரியுமா?"

"என்ன?"

"பாபின்ல பழைய நூல் இருந்தா கத்தியால ஒரே கீறு. அடுப்புல போட்டுட்டுத் துடைக்க ஆரம்பிப்பேன். பதினேழு இருக்கும். எண்ணிப் பாத்தேன்."

"தெரியாமத்தானே செஞ்சே."

"முதல் ரெண்டு மூணு தெரியாமதான். அப்புறம் நூல் பாக்கத் தெரிஞ்சுபோச்சேடா. பாத்தேன், நல்லா நூத்திருக்காளேன்னு நெனச்சேன், வெட்டினேன்."

நான் பக்கவாட்டுத் தகட்டை இறக்கினேன்.

வசந்தம் வந்ததும், நூலை வெட்டி எரித்த விஷயத்தைச் சொல்ல, அந்தப் பதினேழு ராட்டைக்காரர்களின் வீடுகளுக்கு அவன் போகத் தொடங்கினான். தேவையில்லாத வேலை என்று இமெல்டா சொல்லிப்பார்த்தாள். கேட்கவில்லை. பலர் சிரித்தார்கள். "குப்பையை எரிச்சதுக்கா இவ்வளவு தூரம் வந்தே? உள்ள வா, காபி குடி" என்றார்கள். மேட்டுப் பண்ணையில் செலஸ்தின் பெல்ஷா என்றொரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. அறுவடைக் காலத்தில் கணவனுக்குச் சமமாக வைக்கோல் ஏற்றுபவள், அழுத்தமானவள்.

"எவ்வளவு இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"அரை பாபின். வெள்ளை. மெல்லிசு."

"எங்கம்மா நூத்தது எதுவும் என்கிட்ட இல்ல," என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கதவையும் மெதுவாகத்தான் சாத்தினாள். ஒடிலோன் வண்டிக்கு வந்து சாவியைப் போட்டுவிட்டு, திருகாமல் உட்கார்ந்திருந்தான். உடைந்த எதையும் சரிசெய்துவிடலாம் என்றே அதுவரை வாழ்ந்தவன். இது அவன் கடைசல் எந்திரத்துக்கு அப்பாற்பட்டது.

அதற்குப்பின் அவன் பட்டறையில் எந்த ராட்டை வந்தாலும், மிச்ச நூலைப் பொறுமையாக ஒரு அட்டையில் சுற்றி, குடும்பப் பெயர் எழுதி, ராட்டையோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்தான். வேண்டாம் என்றவர்களிடம், "ஒரு வருஷம் வச்சிருங்க, அப்புறம் தூக்கிப் போடுங்க" என்பான்.

இரண்டு கோடை கழித்து செலஸ்தின் தன் டிராக்டரில் ஒரு சாக்குக் கம்பளியோடு வந்து இறங்கினாள். சொந்த ஆட்டு மயிர், கழுவிச் சீவியது.

"நூத்துக் குடு."

"உங்கம்மா நூத்த மாதிரி எனக்கு வராது."

"அவ மாதிரின்னு நான் கேக்கலையே. நீ நூக்கற மாதிரி நூத்துக் குடு."

இலையுதிர்காலம் முழுக்க அதற்குச் செலவிட்டான். வெள்ளை, மெல்லிசு, இரட்டை இழை. அவள் வந்து நூல் கண்டுகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, ஒரு ஜாடி மேப்பிள் பாகை மேசையில் வைத்துவிட்டு எடுத்துப்போனாள். எதைப் பின்னினாள் என்று அவன் கேட்கவில்லை. மார்ச் மாதத்தில் பனி தள்ளிக்கொண்டு போகையில் அவள் பண்ணை வாசலில் கையசைத்தாள். ஒடிலோன் ஹாரனை ஒருமுறை அடித்தான். அவன் ஹாரன் அடிப்பவன் அல்ல.

1998 ஏப்ரலில், ஆற்றுப் பனிக்கட்டி உடைந்து நகர்ந்த வாரம், மதியத் தூக்கத்தில் அவன் இறந்துபோனான். அறுபத்தொன்பது வயது. பட்டறையில் அப்போது ஐந்து ராட்டைகள் இருந்தன. மூன்று ஓடின, இரண்டு பாதியில் நின்றன. உரியவர்கள் வந்து எடுத்துப் போகட்டும் என்று இமெல்டா கதவைத் திறந்தே வைத்திருந்தாள். ஒரு வாரத்துக்குள் ஐந்தும் வீடு போய்ச் சேர்ந்தன.